வீட்டிலிருந்து பணிபுரிதலும் தம்பதியரின் வேலைப் பங்கீடும்

வருமானத்துக்கான வேலையைக் கணவனோ மனைவியோ இருவருமோ வீட்டிலிருந்தே செய்யும் குடும்பங்களில் சமையல், துப்புரவு, பிள்ளை வளர்ப்பு, முதியோர் கவனிப்பு ஆகியவை யார் தலையில் விழுகின்றன என்பது பொருளியலும் சமூகவியலும் ஆராயும் ஒரு கேள்வி. தொலைவிலிருந்து பணியாற்றும் யோசனையை 1973இல் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ் முன்வைத்தது போக்குவரத்தைக் குறைப்பதற்காக. சம்பளம் பெறும் பெண்கள் வீடு திரும்பியதும் தொடங்கும் அடுத்த வேலைநேரத்தைப் பற்றிச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் நூல் எழுதினார். வீடே அலுவலகமானபோது அந்த இரண்டு வேலைநேரங்களுக்கும் இடையே இருந்த பேருந்துப் பயணமும் இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் இது பெருமளவில் நிகழ்ந்தது 2020 மார்ச் 25இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கில். வீட்டு வேலைக்கு வருபவர்கள் நின்றுவிட, ஆண்களும் துடைப்பத்தையும் பாத்திரத்தையும் கையில் எடுத்தார்கள். பொருளியலாளர் அஸ்வினி தேஷ்பாண்டேயின் ஆய்வு அவ்வாண்டு ஏப்ரலில் ஆண்களின் வீட்டு வேலை நேரம் கூடியதையும், ஆகஸ்டுக்குள் அது மீண்டும் சரிந்ததையும் பதிவுசெய்தது. வீட்டில் இருப்பதால் மட்டும் பழக்கம் மாறிவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் அவை 289, 88 நிமிடங்கள். இருபாலருக்கும் நேரம் குறைந்ததே தவிர இடைவெளி அப்படியே நிற்கிறது.

இந்தக் கணக்கிலும் முழுச் சுமை தெரிவதில்லை. இட்லிக்கு எப்போது ஊறப்போடுவது, சிலிண்டர் எப்போது தீரும், குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதியில் என்று நினைவில் வைத்திருப்பதும் உழைப்புதான். மீட்டிங் நடுவே அழைப்பு மணி அடித்தால் எழுந்து போவது யார் என்பதைப் பல வீடுகளில் யாரும் பேசி முடிவுசெய்ததில்லை, மனைவி எழுந்துவிடுகிறார். கணவருக்குக் கதவடைத்த அறையும் மனைவிக்குச் சாப்பாட்டு மேசையும் கிடைக்கும்போதே பங்கீடு பாதி முடிந்துவிடுகிறது.

சட்டமும் இந்தச் சாய்வுக்குத் துணைநிற்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், மகப்பேறு விடுப்புக்குப் பின் நிர்வாகம் உடன்பட்டால் வீட்டிலிருந்து பணிபுரியத் தாய்க்கு இடமளித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே தொடர்கிறது. தந்தைக்கு இரண்டிலும் அந்த ஏற்பாடு இல்லை. குழந்தையோடு வீட்டில் இருந்து பணியாற்றும் வாய்ப்பைத் தந்தையருக்கும் சட்டம் வழங்க வேண்டும்.