எட்டாம் நாள் கணக்கு

நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்த எனக்கு சுன்னத்துன்னா பையன் கொஞ்சம் வளர்ந்தப்புறம் முஸ்லிம் வீடுகள்ல நடக்குற விசேஷம். யூதர்களுக்கு அது பிறந்த எட்டாம் நாளே.

கொங்கண் கரையில் 'பெனே இஸ்ரேல்'னு ஒரு கூட்டம். செக்காட்டுறது தொழில், சனிக்கிழமை லீவு (ஐடிக்காரங்களுக்கு முன்னாடியே!). அதனால ஊர்க்காரங்க வச்ச பேரு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை செக்குக்காரங்க. பேச்சு மராத்தி. தோரா கையில் இல்லை. எபிரேயத்தில் மிஞ்சினது 'ஷெமா' ஜெபம்தான். ஆனா எட்டாம் நாளை மட்டும் விடவேயில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம்களிடமிருந்து இவங்களைப் பிரிச்சுக் காட்டியது அந்த நாள் கணக்குதான்.

1948-க்கு அப்புறம் பெரும்பாலானோர் இஸ்ரேல் போனாங்க. அங்கே கல்யாணம்னு போனா, "நீங்க யூதர்தானா?"ன்னு ரபிக்கள் கேட்டாங்களாம். எப்படி இருந்திருக்கும்! போராடித்தான் 1964-ல் முழு யூதர்கள்னு அரசு அறிவிப்பை வாங்கினாங்க.