கொழும்புக் கலையுலகில் பெண்ணின் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் கொழும்பில் வேரூன்றிய 'நூர்த்தி' எனும் சிங்கள இசைநாடகத்தில், தமிழ் மேடையின் 'ஸ்திரீபார்ட்' மரபைப் போலவே, பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று நடித்தனர். குடும்பப் பெண் அரங்கேறுவது இழுக்கெனக் கருதப்பட்டதே இதற்கு முதன்மையான காரணமாகும்.

மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தின் மேடையில் காலப்போக்கில் நடிகையர் இடம்பெற்றனராயினும், அவர்கள் மீதான சமூக ஐயம் எளிதில் அகலவில்லை. பின்னர் வந்த திரையுலகில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி டேனியல்ஸாகப் பிறந்து, வெள்ளவத்தை புனித கிளேயர் பாடசாலையில் பயின்ற ருக்மணி தேவி, மதுரையில் படமாக்கப்பட்டு 1947 ஜனவரி 21ஆம் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி திரையரங்கில் வெளியான முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ'வில் நாயகியாக நடித்ததுடன் பாடவும் செய்தார்.

எனினும் அப்படத்தைத் தயாரித்த எஸ். எம். நாயகம், நெறியாண்ட ஜோதிஷ் சின்ஹா, மூலநாடகத்தை அளித்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன ஆகிய மூவருமே ஆண்களாவர். பெண் நெறியாளரான சுமித்ரா பீரிஸின் முதல் படமான 'கெஹெணு லமய்' 1978இல்தான் திரைக்கு வந்தது. நடிக்கும் உரிமையைவிடக் கதையைத் தீர்மானிக்கும் உரிமையே பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது என்பதும், அந்த அநீதியைக் குறிப்பிடாத கலை வரலாறு முழுமையாகாது என்பதும் இதனால் தெளிவாகின்றன.