சால்வடோர்

பிரேசிலின் பாயியா மாநிலத் தலைநகர். அனைத்துப் புனிதர் விரிகுடாவின் வாயிலில் உள்ள துறைமுகம். 1549இல் தோமே தெ சோசா நிறுவினார். 1763 வரை போர்ச்சுகீசியப் பிரேசிலின் தலைநகராக இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் பெருந்தொகையாக இங்கே இறக்கப்பட்டனர். இன்றைய மக்களில் பெரும்பாலோர் அவர்கள் வழிவந்தவர்களே.

நகரம் இரண்டடுக்கு. கீழே துறைமுகம், மேலே பழைய ஊர். 1873இல் திறக்கப்பட்ட லசெர்டா மின்தூக்கி இரண்டையும் இணைக்கிறது. மேலே பெலோரீன்யோ. வண்ணம் பூசிய வீடுகளும் கல்பாவிய சரிவுத் தெருக்களுமாக இன்று படம்பிடிக்க வருவோர் குவியும் இந்தப் பகுதியின் பெயருக்குப் பொருள், அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பம். யுனெஸ்கோ 1985இல் இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சரிவின் நடுவே நீலநிற முகப்புடன் நிற்கும் ஜெபமாலை அன்னை ஆலயம் கறுப்பினச் சபையினர் தமக்கென 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அங்கே திருப்பலியிலும் முரசு ஒலிக்கும். ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த யொரூபா இனத்துத் தெய்வங்களை வழிபடும் கந்தோம்ப்ளே சமயமோ நீண்டகாலம் காவல்துறைக் கெடுபிடிக்கு உள்ளானது.

தெருமுனைகளில் வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் அணிந்த பெண்கள் அக்கராஜே விற்கிறார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை வெங்காயத்துடன் அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரிப்பது. நம் வடைக்குத் தூரத்து உறவு எனலாம். பிளந்து உள்ளே உலர்ந்த இறால் வைப்பார்கள். காரம் வேண்டுமா என்று கேட்பார்கள். பழகாதவர் கொஞ்சமாகவே கேட்பது நல்லது. சாப்பிட்டு முடித்தபின், 1979இல் தொடங்கிய ஒலோதும் இசைக்குழுவின் முரசொலியைப் பெலோரீன்யோவில் கேட்கலாம்.