பெயரைக் கணக்குப் போட்டவர்கள்

போன வருடம் ஓய்வூதிய நிலுவைக்காக மூன்று மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோர் பெயரோடும் வரும் அப்பாவின் பெயர் சண்முகம். ஆங்கிலத்தில் எழுதும்போது பணிப்பதிவேட்டில் எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு எச் இருந்தது. வங்கிக் கணக்கில் அது இல்லை. கணினியில் தேடிய தம்பி, "அப்படி யாரும் இல்லையே சார்" என்றார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கோபம் வந்தாலும் எனக்கு உள்ளூரச் சிரிப்பும் வந்தது. காரணம், பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் நான் பார்த்த வேலையே இதுதான். ஒரு தேடுபொறியின் அட்டவணையில், ஆவணத்தில் இல்லாத ஒரு விவரத்தை, இருக்கும் விவரத்திலிருந்து கணக்கிட்டு, தனி ஃபீல்டாக எழுதி வைப்போம். ஆவணத்தில் பிறந்த தேதிதான் இருக்கும். ஓய்வு பெறும் மாதத்தை நாங்கள் கணக்குப் போட்டு அட்டவணையில் சேர்த்துவிடுவோம். பிறகு "அடுத்த மார்ச்சில் யார் யார்?" என்று கேட்டால் பதில் உடனே வரும். தேடும்போது கணக்குப் போட்டால் நேரமாகும். பதியும்போதே போட்டு வைப்பதுதான் இதன் சூட்சுமம்.

இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ராபர்ட் ரஸ்ஸல் என்பவர், பெயர்களை எழுத்துப்படி அடுக்காமல் ஒலிப்படி அடுக்கும் முறைக்கு 1918-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். மார்கரெட் ஓடெல் என்ற பெண்மணியும் இதில் கூட்டாளி. சவுண்டெக்ஸ் என்று பெயர்.

பின்னால் புழக்கத்துக்கு வந்த வடிவத்தில் விதி எளிது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றில் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் மூன்றையும் விட்டுவிட வேண்டும். பி, எஃப், வி போன்ற உதட்டு ஒலிகளுக்கு 1, சி, ஜி, கே, எஸ் கூட்டத்துக்கு 2, டி-க்கள் இரண்டுக்கும் 3, எல்லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆருக்கு 6. ஒரே எண்ணுள்ள எழுத்துகள் ஒட்டி வந்தால் ஒருமுறைதான் எழுத வேண்டும். மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்தலாம். குறைந்தால் பூஜ்யம் போட்டு நிரப்பலாம். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்று பேரும் எஸ்530 என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

இதற்குப் பெரிய வேலை 1930-களில் வந்தது. 1935-ல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது 65. ஆனால் கிழவர்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குழந்தையாகப் பதிவாகியிருந்தால் அதுதான் சாட்சி. 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு போய்விட்டது. ஆகவே 1880-ஐத் தோண்டினார்கள். சுமார் 5 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் கார்டு எழுதவில்லை. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு மட்டும் எழுதினார்கள். ஓய்வூதிய வயதை நெருங்கியவர்கள் அந்தப் பிள்ளைகள்தானே! 1900-க்கு எல்லா வீடுகளையும் எடுத்துக்கொண்டார்கள்.

எழுதியவர்கள் யார் என்றால், பெருமந்தத்தில் வேலை இழந்து, ரூஸ்வெல்ட் அரசின் நிவாரண வேலைத்திட்டத்தில் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு பெயரையும் மனதுக்குள் கணக்கிட்டு, கார்டின் மூலையில் அந்தக் குறியீட்டை எழுதி, மாநிலவாரியாக, குறியீட்டு வரிசையில் அடுக்கினார்கள். நாங்கள் கணினியில் செய்ததைக் கையால் செய்திருக்கிறார்கள். வேலை இழந்தவர்கள் உட்கார்ந்து, யாரோ முதியவர்களுக்குப் பணம் கிடைக்க வழி செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

ஆனால் கணக்கிட்டு எழுதி வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. விதியில் பிசகினால் பிசகும் அட்டவணையோடு உறைந்துவிடும். ஆஷ்கிராஃப்ட் என்ற பெயரில் எஸ்ஸுக்கும் சி-க்கும் நடுவே எச் வருகிறது. இரண்டையும் ஒட்டி வந்ததாகக் கொண்டால் ஏ261. பிரிந்து வந்ததாகக் கொண்டால் ஏ226. பழைய கணக்கெடுப்புக் கார்டுகளில் இரண்டு விதமும் உண்டு. அந்தக் குடும்பத்தார் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் விதியை மாற்றினால் இரவு முழுக்க அட்டவணையைப் புதிதாகக் கட்டுவோம். லட்சக்கணக்கான கையெழுத்துக் கார்டுகளுக்கு அது நடக்குமா?

இன்னொரு குறை முதல் எழுத்து. அது மாறினால் முறை கைவிட்டுவிடும். சண்முகத்தை எச் போட்டும் போடாமலும் கணக்கிட்டுப் பார்த்தேன், இரண்டும் எஸ்525. யாழ்ப்பாணத்தில் சிலர் இதே பெயரை ஆங்கிலத்தில் சி-யில் தொடங்குவார்கள். அவர் சி525 ஆகிவிடுவார், வேறு பெட்டிக்குப் போய்விடுவார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெயர்களுக்கும் இதே தொல்லை வந்துதான், 1985-ல் டைச், மொக்கொட்டாஃப் இருவரும் முதல் எழுத்தையும் எண்ணாக்கிய புது முறையை அமைத்தார்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். என் கோப்பு கடைசியில் பிறந்த தேதியை வைத்துத்தான் அகப்பட்டது. நிலுவை வந்துவிட்டது. வங்கியில் எச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.