மல்லாந்து கிடக்கும் சிலந்தி

டாரண்டுலாவை முதன்முதலாக வளர்ப்பவர் என்றாவது ஒரு காலையில் பதறிப்போவார். கண்ணாடித் தொட்டிக்குள் சிலந்தி மல்லாந்து கிடக்கும். எட்டுக் கால்களும் மேலே நீட்டியிருக்கும், அசைவே இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்களும் தோட்டத்தில் புதைத்தவர்களும் உண்டு. உண்மையில் அது தோலுரிக்கப் படுத்திருக்கிறது. சில மணி நேரத்தில் பழைய தோல் பிளந்து, புதுத் தோலும் புது ரோமமுமாகச் சிலந்தி வெளியே வரும். சிலந்தி தன் காலை நீட்டுவது உடல்நீரின் அழுத்தத்தால்தான். செத்தால் அந்த அழுத்தம் போய்விடும், கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். ஆகவே கால் சுருண்டு குப்புறக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதைப் பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் வாய்த்தாரா இல்லையா என்பதிலேயே பல சிலந்திகளின் ஆயுள் அடங்கியிருந்தது.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களின் வரிசையில் முன்னால் நிற்பவர், அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் பேர்க். எது கடித்தால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். 1922இல் ‘பிளாக் விடோ’ என்னும் கரிய சிலந்தியைத் தன் விரலில் கடிக்கவிட்டு, கடும் வலியோடு மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஊர் டாரண்டுலாவையும் கடிக்கவிட்டார். குண்டூசி குத்தியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். ஊரே அஞ்சிய பெரிய சிலந்தி சாது என்றும், ஒருவரும் பொருட்படுத்தாத சிறியது ஆபத்தானது என்றும் அவர் சொன்னபோது அதற்குச் சாட்சி அவருடைய விரலே.

பேர்க்கின் பெரிய கொடை வேறொன்று. அவர் காத்திருந்தார். டாரண்டுலாக்களை ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்த்து, ஒவ்வொரு தோலுரிப்பையும் குறித்துவைத்தார். ஆர்கன்சாஸ் ஆண் சிலந்தி பருவமடையப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது என்றும், பெண் அதன் பிறகும் நெடுங்காலம் வாழ்கிறது என்றும் அதிலிருந்துதான் தெரிந்தது. அவருடைய ‘தி டாரண்டுலா’ நூல் 1958இல் வந்தது. நாயைவிட நீண்ட ஆயுள் கொண்ட பிராணி இது என்பதைச் சிலந்தி வாங்க வரும் புதியவரிடம் யாராவது சொல்லியே ஆக வேண்டும். பேர்க் பொறுமையாக எழுதிய குறிப்புகள்தான் அதைச் சொல்லும் தகுதியைப் பின்னால் வந்தவர்களுக்குத் தந்தன.

1970களில் மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி கடைகளுக்கு வந்து குவிந்தது. கறுப்பு உடல், காலின் கணுக்களில் தீக்கங்கு நிறம், நிதானமான நடை. வாங்கியவர்கள் பலர், வளர்க்கத் தெரிந்தவர்கள் சிலர். கடைக்காரர் சொன்னதே வேதம். தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்சுத் துண்டைப் போடுங்கள், அதைச் சப்பித்தான் சிலந்தி குடிக்கும் என்பார்கள். பல்லி, பாம்புக்கான சூடேற்றும் கல்லைச் சிலந்திக்கும் விற்றார்கள். ஸ்பாஞ்சில் அழுக்கும் கிருமியும் சேர்ந்தன, சூட்டில் சிலந்தி வறண்டது.

கனடாவின் கல்கரி நகரில் வாழ்ந்த ஸ்டான்லி ஷூல்ட்ஸ், மார்கரீட் ஷூல்ட்ஸ் தம்பதி இந்தக் கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். வீடு நிறையச் சிலந்தி வளர்த்த அவர்களின் ‘டாரண்டுலா கீப்பர்ஸ் கைடு’ 1984இல் வெளிவந்து, பிறகு திருத்தி விரித்து எழுதப்பட்டது. சிலந்தி வாயை நேரே நீரில் வைத்துக் குடிக்கும், எனவே தட்டையான கிண்ணமும் சுத்தமான நீரும் போதும். மனிதருக்கு இதமான அறை வெப்பம் அதற்கும் போதும். தொட்டியின் உயரம் குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் தரையில் வாழும் கனத்த சிலந்தி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்துச் செத்துப்போகும். அனுபவசாலி அண்டைவீட்டுக்காரர் பேசுவதுபோன்ற நடை. அதே 80களில் பிரிட்டனிலும் வளர்ப்போர் சங்கமாகக் கூடினார்கள்.

இந்த வட்டத்தில் உருவான அழகான வழக்கம் ‘இனப்பெருக்கக் கடன்’. ஆண் சிலந்தி பருவமடைந்தபின் அதிக காலம் வாழாது. அதை வைத்திருப்பவர், பெண் சிலந்தி வைத்திருப்பவருக்கு அனுப்பிவைப்பார். முட்டைப்பை பொரிந்தால் குஞ்சுகளில் பாதி ஆணை அனுப்பியவருக்கு. பெட்டியோடு அறிவுரையும் போகும். பெண்ணுக்கு முன்பே வயிறார உணவு கொடு, இல்லையென்றால் மாப்பிள்ளையையே தின்றுவிடும்!

1985இல் செம்முழங்கால் சிலந்தி, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. காட்டிலிருந்து அள்ளிவருவது கட்டுப்படவே, வீட்டில் பிறந்த குஞ்சுகளின் மதிப்பு கூடியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பிரிட்டிஷ் ஆய்வாளர் ரெஜினால்ட் போகாக் 1899இல் விவரித்த ஒரு மரச்சிலந்தி, அரக்கோணத்தில் கிடைத்தது. பொயிசிலோதீரியா ரெகாலிஸ் என்று பெயர். உடலெங்கும் கோலம் போட்டதுபோல் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொயிசிலோதீரியா பேரினச் சிலந்திகள் மின்னலாக ஓடும். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். அதனால்தான் மூத்த வளர்ப்பாளர்கள் இதைப் புதியவர் கையில் கொடுப்பதில்லை. சில ஆண்டுகள் சாதுவான தரைச்சிலந்தியோடு பழகிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். மரங்கள் வெட்டுப்பட்டுச் சுருங்கும் காட்டில் இவற்றின் நிலை கவலைக்குரியது. 2019இல் பேரினம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில் ஏறியது.

புதியவர் கற்கும் பாடங்களில் ஒன்று, உரித்துப்போட்ட தோலை வீசாமல் எடுத்துவைப்பது. ஒரு சொட்டு சோப்பு விட்ட நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெல்ல விரித்து, உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். விந்துப்பையின் உள்ளுறையும் பழைய தோலோடு உரிந்து வந்திருந்தால் தொட்டியில் இருப்பது பெண். மூத்தவர் அந்தச் சிறு மடிப்பைச் சுட்டிக்காட்டி, “பெண்தான். இன்னும் இருபது வருஷம் உன்னோடு இருப்பாள்” என்பார்.