சீர நோய்

சீர நோய் என்பது வேற்று விலங்கின் சீரம் மருந்தாகச் செலுத்தப்பட்ட ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தோன்றும் ஒவ்வாமை நோயாகும். தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் பெற்ற குழந்தைகளிடம் இதனைக் கண்ட வியன்னா மருத்துவர்கள் கிளெமென்ஸ் வான் பிர்கே, பேலா சிக் இருவரும் 1905 இல் இது குறித்து நூல் வெளியிட்டனர். காக்க வேண்டிய பிறபொருளெதிரியே நோய்க்கும் காரணமாகலாம் என்ற அவர்களது கருத்து அன்று புதுமையானது.

குதிரைப் புரதமும் பிறபொருளெதிரியும் பிணைந்த நோயெதிர்ப்புக் கூட்டுகள் குருதியில் சுற்றுகின்றன. பெரியவற்றை விழுங்கணுக்கள் அகற்றிவிடும். புரதம் மிகுந்துள்ளபோது உருவாகும் சிறியவை தப்பி, தோல், மூட்டுகள், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழாய்களில் படிகின்றன. அங்கு நிரப்புப் புரதங்கள் தூண்டப்பட, வெள்ளணுக்கள் குவிந்து அழற்சி உண்டாகிறது. காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டுவலி ஆகியன அறிகுறிகள். புரதம் அகன்றதும் பெரும்பாலும் தானே தணியும்.

இந்தியாவில் பாம்புக்கடி நச்சுமுறி குதிரைகளிலிருந்தே பெறப்படுவதால், பிழைத்து வீடு திரும்பியவர்களிடம் இந்நோய் இன்றும் காணப்படுவதுண்டு.