பி.பி. நம்பர் முதல் கைப்பேசி வரை

கச்சிபௌலி அடுக்ககத்தில் சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் தகப்பனாரின் பழைய விசிட்டிங் கார்டு ஒன்று கிடைத்தது. கும்பகோணம் முகவரி, கீழே தொலைபேசி எண், பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டெழுத்து. பேத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க மாத்திரை போடறீங்களே, அந்த பி.பி.யா?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'பர்ட்டிகுலர் பெர்சன்' என்பதன் சுருக்கம் அது. டிரங்க் கால் காலத்துச் சொல். 180-ஐச் சுழற்றி வெளியூர் எண்ணைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அதைவிட இருமடங்கு கட்டணத்தில் அர்ஜன்ட், எட்டு மடங்கில் லைட்னிங். மூன்று நிமிஷம் ஒரு கணக்கு. இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பெயர் குறித்துக் கேட்டால் பி.பி. கால். நம் தமிழ்நாட்டில் நாளடைவில் அந்தச் சொல், பக்கத்து வீட்டுத் தொலைபேசியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது!

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882 ஜனவரி 28 அன்றே திறந்தாயிற்று. ஆனாலும் சுதந்திரம் வந்த வேளையில் நாடு முழுவதற்கும் சுமார் 80,000 இணைப்புகள்தாம். பதிவு செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகவே ஒரு தெருவுக்கு ஒரு தொலைபேசி என்பதே வழக்கம்.

எங்களுக்கு அது எதிர்வீட்டு மருந்துக்கடை முதலாளி வீடு. கூடத்தில் முக்காலி, அதன்மேல் கறுப்புக் கருவி, பூவேலை செய்த துணி உறை, டயலில் சின்னப் பூட்டு. "கூப்பிட்டு விடறேன், அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க" என்பார் அந்த வீட்டம்மா. எங்கள் வீட்டில் யாருக்கு வரன் தகைந்தது, யாருக்கு வேலை போயிற்று என்பது எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு வேளையில் போகக்கூடாது. தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு அவர்களுக்கே.

1991-இல் செகந்திராபாத் பத்மாராவ் நகருக்கு வந்தபோது மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகள் வந்துவிட்டிருந்தன. லக்னோ–கான்பூர் இடையே 1960-இல் தொடங்கிய நேரடி டயல் வசதியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தவை அவைதாம். 1984-இல் அமைந்த சி-டாட் உருவாக்கிய உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுகளால் சிற்றூர்களுக்கும் இணைப்பு வந்தது. இரவு 11 மணிக்கு மேல் கால்பங்கு கட்டணம் என்பதால் ஞாயிறு இரவில் வரிசை நீளும். முன்னால் நின்றவர் 0435 என்று அழுத்துவதைப் பார்த்து, "கும்பகோணங்களா?" என்று கேட்டுத் தொடங்கிய நட்புகள் இன்றும் தொடர்கின்றன. நம் சங்கத்து மூத்தவர்களில் பலரிடம் இப்படி ஒரு பூத் கதை இருக்கும்.

எல்லாம் இனிமையான கதையல்ல. 1993-இல் ஒருநாள் நள்ளிரவுக்கு மேல் கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர் கதவைத் தட்டி, "மீக்கு ஃபோன் ஒச்சிந்தி" என்றார். அப்பா. ஊரில் அம்மா எதிர்வீட்டுக்கு ஓடி, அவர்களை எழுப்பிப் பேசியிருக்கிறாள். சார்மினார் எக்ஸ்பிரஸ் மறுநாள் மாலைதான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் கடன் வாங்கியாவது வீட்டுக்கு இணைப்பு எடுப்பது என்று முடிவு செய்து, 1996-இல் எடுத்தோம். ஊரிலும் அம்மாவுக்கு ஒன்று.

அந்தத் தொலைபேசிதான் என் மகனுக்குத் தமிழ் வாத்தியார். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும், தெருவிலும் அவைதான். ஞாயிறு இரவு ரிசீவர் கைமாறும்: நான், மனைவி, பிறகு அவன். ஆளுக்கு ஒரு நிமிஷம். பாட்டிக்கு வேறு மொழி தெரியாது. தப்பாகச் சொன்னால், "என்னடா சொல்றே, திருப்பிச் சொல்லு" என்பாள். திருத்தமாகச் சொல்லும் வரை விடமாட்டாள்; மீட்டர் ஓடும், நான் கையைப் பிசைவேன்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு கைப்பேசி இந்தியாவுக்கு வந்தது. 2003 வரை வரும் அழைப்புக்கும் காசு. அதனால் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டித்தார்கள். 2006-இல் பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்ததும் தூரம் என்பதே கணக்கில் இல்லாமல் போயிற்று. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு அழைப்பு. ரிசீவர் கைமாறுவது நின்றது.

குறை மட்டும் சொல்லமாட்டேன். அம்மா தன் கடைசி வருஷங்களில் கொள்ளுப்பேத்தியின் முகத்தைத் திரையில் பார்த்துப் பூரித்தாள். ஆனால் குழந்தை "ஹாய்" என்று கையாட்டிவிட்டு ஓடிவிடும். முகம் தெரியும்போது சொல்லுக்கு என்ன அவசியம்?

எங்கள் வீட்டில் தரைவழி இணைப்பு இன்னும் இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து அதிலிருந்து கைப்பேசிக்குப் பேச முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும்; எனக்கு அடிக்கடி மறந்துபோகும். அதில் கூப்பிடுபவர் ஒரே ஒருவர்: கும்பகோணத்து அத்தை, வயது 84. அவருக்கு மனப்பாடமான எண் அதுதான். போன ஞாயிறு மணி அடித்தபோது நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வந்தபோது பேத்தி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்: "தாத்தா குளிக்கறாங்க. இல்ல, குளிக்கறாங்க! நான்தான் பேசறேன், நீங்க சொல்லுங்க!"